பரிசோதனைக்குப் பிறகு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு,

பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் செவித்திறன் பரிசோதனை வேண்டும் என்று வலியுறுத்திய தங்கள் தலையங்கம் கண்டேன். வரவேற்கிறேன். ஆனால் பரிசோதனை வாசல்படி மட்டுமே. 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் பயிற்சி என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் இலக்கு. இதில் குடும்பங்கள் தடுமாறுவது கடைசிக் கட்டத்தில்தான். காது மருத்துவர், செவித்திறனை அளந்து கருவி பொருத்தும் கேட்பியல் வல்லுநர், பேச்சுப் பயிற்சியாளர் எனத் தனித்தனிக் கதவுகள். ஒருவர் எழுதியது மற்றவர் கைக்குப் போவதில்லை.

என் மகளுக்கு எட்டு மாதமானபோது காதுக்கருவி ஓயாமல் விசிலடித்தது. காது வளர்ந்துவிட்டதால், கருவியைக் காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். பயிற்சியாளர் கேட்பியல் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே மருத்துவரின் கடிதம் கேட்டார்கள். புதிய அச்சு வருவதற்குள் ஏழு வாரங்கள் போயின. அதுவரை கருவி மேசை இழுப்பறையில் கிடந்தது. (சைகை மொழி கற்றுக்கொடுக்கலாமா என்று கேட்டதற்கு இரண்டு இடங்களில் நேர்மாறான பதில்கள் கிடைத்தது தனிக்கதை.) குறைபாடு உறுதியாகும் நாளிலேயே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். எல்லாத் துறையினரும் எழுதும் ஒரே கோப்பு அவர் பொறுப்பில் இருக்கட்டும். காது கேளாமலே வளர்ந்து ஆளான ஒருவரையாவது பெற்றோர் சந்திக்க அவரே ஏற்பாடு செய்யலாம்.

– ஒரு தாய்