கயலின் 128

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மா உன்னை விசாரித்தார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீ எழுதியிருந்தது என்னை மிகவும் கவலைப்பட வைத்துவிட்டது.

உன் மகள் கயலுக்கு வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையில் (IQ) 128 வந்ததையும், லண்டனில் உன் அண்ணன் மகன் கேட்டெல் 3பி என்ற வேறொரு நுண்ணறிவுத் தாளில் 148 பெற்று, உயர்ந்த நுண்ணறிவு உள்ளவர்களை மட்டும் சேர்க்கும் மென்சா சங்கத்தில் சேர்ந்ததையும் அருகருகே வைத்து, "இருபது குறைந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். இருபது குறையவில்லை, இரண்டுதான் குறைந்திருக்கிறது. இரண்டு சோதனைகளிலும் சராசரி 100 என்றாலும், திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்ற அளவு, வெக்ஸ்லரில் 15, கேட்டெல் 3பியில் 24. மென்சா கேட்பது மக்களில் முதல் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே; அந்த எல்லை சராசரிக்கு மேல் ஏறத்தாழ இரண்டு திட்ட விலக்கத்தில் விழுவதால், ஒரு சோதனையில் அது 130 ஆகவும் மற்றதில் 148 ஆகவும் இருக்கிறது. கயலின் 128ஐ அவனுடைய அளவைக்கு மாற்றினால் 145 வரும். பள்ளியில் வேலுசாமி சாரின் கணக்கிலேயே பிழை கண்டுபிடித்தவன், அளவையைக் கேட்காமல் எண்களை மட்டும் கழித்துப் பார்த்தாய் என்பதை என்னால் நம்ப முடியவில்லை!

அந்த இரண்டு புள்ளியையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அவளே வேறொரு நாளில் எழுதியிருந்தால் நான்கைந்து புள்ளி கூடியோ குறைந்தோ வந்திருக்கலாம். நல்ல அறிக்கை என்றால் 128க்கு அருகிலேயே அந்த வீச்சையும் அச்சிட்டிருப்பார்கள்.

என்னை வருத்துவது வேறு. இணையத்தில் கிடைக்கும் புதிர்த்தாள்களை அவள் தினமும் இரவில் செய்து பழகுகிறாள் என்று பெருமையாக எழுதியிருந்தாய். அந்த மதிப்பெண்களை மென்சா ஏற்பதில்லை. மேற்பார்வையில் எழுதியதைத்தான் ஏற்கிறார்கள். பழகப் பழக ஒரே வகைப் புதிரில் எண் கூடும் என்பது உண்மை, ஆனால் அப்போது சோதனை அளக்க வந்ததை அளக்காது. மென்சாவுக்குப் பிறகு, ஆயிரத்தில் ஒருவரை மட்டும் சேர்க்கும் டிரிபிள் நைன் சங்கத்தைப் பற்றியும் இப்போதே பேசுகிறாய். அதற்கு அவள் அளவையில் 146 வேண்டும். அந்த உயரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கவே மிகச் சிலர்தான் இருப்பதால், எண்ணின் உறுதியும் குறைந்துவிடும்.

1905இல் பாரிஸில் பினே, சிமோன் என்ற உளவியலாளர்கள் இத்தகைய சோதனையை உருவாக்கியது, வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து உதவுவதற்காக. கயலுக்கும் அது அப்படித்தான் பயன்பட வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். மொத்த எண்ணை விட்டுவிட்டு, மொழியறிவு, செயல் நினைவு, வேகம் என்று தனித்தனியாகக் கொடுத்திருக்கும் மதிப்பெண்களைப் பார். அவள் நன்றாக யோசிக்கிறாள், ஆனால் தேர்வில் நேரம் போதவில்லை என்று நீதான் முன்பு சொன்னாய். வேகம் மட்டும் தனியே இறங்கியிருந்தால், பள்ளியில் பேசிக் கூடுதல் நேரம் கேட்க அந்த ஒரு பக்கமே உனக்கு ஆதாரமாகும்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். அதுவரை புதிர்த்தாள்களை நிறுத்திவிட்டு, அவள் கேட்ட கேரம் பலகையை வாங்கிக் கொடு. மல்லிகாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ரகு