பண்பாடு மாறாதது என்று இனியும் கற்பிக்க வேண்டாம்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மானிடவியல் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். “பண்பாடும் பண்பாட்டு மாற்றமும்” என்னும் இயலைப் பற்றி நான் முன்பு இருமுறை எழுதிய மடல்கள் உங்கள் கோப்புகளில் இருக்கும் என்பதால் பழைய கதையை முழுவதும் திரும்பச் சொல்லப்போவதில்லை. இம்முறை எல்லோர் பார்வைக்கும் எழுத வைத்தது ஒரு விடைத்தாள். “எளிய தொழில்நுட்பம் கொண்ட சமூகங்களின் பண்பாடு மாறாத்தன்மை உடையது. சரியா, தவறா? காரணம் கூறுக” என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்கு என் மாணவி ஒருத்தி “தவறு” என்று எழுதி, ஒன்றரைப் பக்கத்துக்குக் காரணமும் எழுதியிருந்தாள். விடைக்குறிப்பின்படி “சரி” என்பதே விடை என்பதால் அவளுக்குக் கிடைத்த மதிப்பெண் சுழியம். மறுமதிப்பீட்டுக்கு அனுப்பிய தாள், “விடைக்குறிப்புடன் பொருந்தவில்லை” என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

அவள் எழுதியது ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தைச் சேர்ந்த யிர் யோரண்ட் என்னும் பழங்குடி மக்களைப் பற்றி. 1930களில் அவர்களிடையே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் லாரிஸ்டன் ஷார்ப் 1952இல் வெளியிட்ட கட்டுரையை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். அம்மக்களின் கல் கோடரிக்கு ஏற்ற கல் அவர்கள் மண்ணில் கிடைக்காது. சுமார் 400 மைல் தெற்கே வெட்டியெடுத்த கல், வணிகக் கூட்டாளிகள் வழியே கைமாறிக் கைமாறி வந்து சேரும். அதற்கு ஈடாகத் திருக்கைமீன் முள் பொருத்திய ஈட்டிகளை இவர்கள் அனுப்புவார்கள். கோடரியைச் செய்யவும் உடைமையாக வைத்திருக்கவும் உரிமை பெற்றவர்கள் வளர்ந்த ஆண்கள் மட்டுமே. விறகு வெட்ட அதை மிகுதியாகப் பயன்படுத்திய பெண்கள், உறவுமுறையில் உரிய ஆணிடம் கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். யார் யாரிடம் கேட்கலாம் என்ற அந்தச் சிறு செயலிலேயே உறவும் மூப்பும் ஆண் பெண் நிலையும் நாள்தோறும் உறுதிப்பட்டு வந்தன. பிறகு கிறித்தவ மறைப்பணியாளர்கள் எஃகுக் கோடரிகளைப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். மறைப்பணி நிலையத்தை நம்பாமல் ஒதுங்கி நின்ற முதியவர்கள், பெண்களிடமும் தம்மைவிட இளையோரிடமும் கோடரியை இரவல் கேட்கும் நிலைக்கு வந்தார்கள். வணிகக் கூட்டாளி உறவும் தளர்ந்தது. இதையெல்லாம் விளக்கிவிட்டு, “கோடரி மாறியதும், யார் முன் யார் கைநீட்டி நிற்பது என்பதும் மாறிவிட்டது” என்று அவள் முடித்திருந்தாள். பதினான்கு ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்தும் என்னால் இதைவிடச் செறிவாகச் சொல்லியிருக்க முடியாது. அந்த வாக்கியத்தின் மீது சிவப்பு மையில் ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே: இந்த இயலைத் திருத்தி எழுதுங்கள்; திருத்தும் வரையிலாவது, மாற்றத்தைச் சான்றுடன் விளக்கும் விடைக்கு மதிப்பெண் தர ஆணையிடுங்கள்.

இயலின் முதல் பக்கம் 1871இல் ஆங்கிலேய மானிடவியலாளர் எட்வர்டு டைலர் தந்த வரையறையோடு தொடங்குகிறது. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் ஆகியவற்றையும், சமுதாயத்தின் உறுப்பினராக மனிதர் பெற்றுக்கொள்ளும் பிற திறன்களையும் பழக்கங்களையும் உள்ளடக்கிய முழுமையே பண்பாடு என்பது அது. அதில் உயிர்நாடியான சொல் “பெற்றுக்கொள்ளும்” என்பதே. பண்பாடு கற்றுக்கொள்ளப்படுவது, கற்றுக்கொள்ளப்படும் எதுவும் ஒவ்வொரு தலைமுறையிலும் சற்றே வேறாகக் கற்றுக்கொள்ளப்படவும் கூடும். ஆனால் மறுபக்கத்திலேயே பண்பாடு “குருதியில் ஊறி வருவது” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இவ்விரண்டில் எதை மாணவர் நம்ப வேண்டும்?

அடுத்து, காட்டுநிலை, அநாகரிகநிலை, நாகரிகநிலை என்று அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் மார்கன் 1877இல் வகுத்த படிகள், இன்றும் செல்லுபடியாகும் வகைப்பாடு போல ஒரு முழுப்பக்க அட்டவணையாக நிற்கின்றன. டைலரும் அத்தகைய படிமுறை வளர்ச்சியை நம்பியவர்தான். அதை வரலாறாகச் சொல்வதில் தவறில்லை. ஆனால் எல்லாச் சமூகங்களும் ஒரே ஏணியில் ஏறுகின்றன என்ற ஒப்பீட்டு முறையை மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1896லேயே வன்மையாக மறுத்தார் என்பதற்கு இயலில் ஒரு வரிகூட இல்லை.

கலைச்சொல்லிலும் ஒரு தீங்கு நேர்ந்திருக்கிறது. பொருள்சார் பண்பாடு விரைந்து மாற, அதற்கு ஏற்ப வழக்கங்களும் சட்டங்களும் மாறப் பிந்துவதால் ஏற்படும் இடைவெளியைப் பற்றி 1922இல் சமூகவியலாளர் வில்லியம் ஆக்பர்ன் எழுதினார். அதைப் “பண்பாட்டுப் பின்னடைவு” என்று தந்திருக்கிறீர்கள். ஆண்டுதோறும் என் வகுப்பில் பாதிப்பேர் அதைப் “பண்பாட்டில் பின்தங்கிய மக்களின் நிலை” என்றே புரிந்துகொள்கிறார்கள். “பண்பாட்டுத் தாமதம்” என்றிருந்தால் இந்தக் குழப்பம் எழாது. மரியாதை தெரியாதவரைப் “பண்பாடு இல்லாதவர்” என்று ஏசும் வழக்கம் நம் பேச்சில் இருப்பதால், பண்பாடு இல்லாத மனிதக் குழுவே கிடையாது என்பதை நாம் கூடுதல் கவனத்தோடு சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இரு பண்பாடுகள் நேரடியாகத் தொடர்புகொள்ளும்போது நேரும் மாற்றத்தைச் சொல்லும் பண்பாட்டேற்பு என்ற பகுதியோ, வலியவர் கொடுப்பார், எளியவர் வாங்குவார் என்ற தொனியில் மூன்று வரிகளில் முடிந்துவிடுகிறது. மானிடவியலாளர்கள் ரெட்ஃபீல்டு, லிண்டன், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் 1936இல் அதை வரையறுத்தபோதே, நேரடித் தொடர்பால் ஒரு குழுவின் பண்பாடோ இரு குழுக்களின் பண்பாடுகளுமோ மாறலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வாங்குபவரும் வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாத, வட அமெரிக்கப் பழங்குடியான செரோக்கி இனத்துச் செக்வோயா, எழுத்து என்ற கருத்தை மட்டும் வெள்ளையரிடம் கண்டுகொண்டு, சில வடிவங்களையும் எடுத்து, அவற்றுக்குத் தம் மொழியின் அசைகளை ஒலியாகக் கொடுத்து, 1821இல் ஒரு முழு எழுத்து முறையையே உருவாக்கினார். பிறரிடமிருந்து வந்து சேரும் பரவலும், புதிதாகப் படைக்கும் புத்தாக்கமும் ஒரே செயலில் கலந்து நிற்பதைக் காட்ட இதற்கு அரைப்பக்கம் ஒதுக்கக் கூடாதா?

இதற்கிடையில் ஓர் ஆசிரியர் படும் பாட்டையும் கேளுங்கள். இந்த இயல் வரும் வாரத்தில் நான் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழிக்கிறேன். இடப்பக்கம் தேர்வுக்கான விடை, வலப்பக்கம் உண்மையான விடை. உண்மை தெரிந்த பிறகும் இடப்பக்கத்தையே எழுதுங்கள் என்று இளையோரிடம் சொல்லும்போது என் குரல் எனக்கே கூசுகிறது. அந்த மாணவி என் சொல்லைக் கேட்காமல் வலப்பக்கத்தை எழுதினாள்.

இதே இயலைப் படித்தவர்கள்தாம் நாளை அருங்காட்சியகங்களில் மனிதர்களைக் காலத்தில் உறைந்தவர்களாகக் காட்சிக்கு வைப்பார்கள். ஒரு மக்களின் கோடரி எந்த உறவைத் தாங்கி நிற்கிறது என்று கேளாமலே அவர்களுக்கு நலத்திட்டம் வகுப்பார்கள். திட்டம் தோற்றால் அம்மக்களின் “மாறாத மனநிலை” மீது பழியைப் போடுவார்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான். கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். குழுவில் உள்ளோரின் உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை.

மீண்டும் பணிவுடன் கேட்கிறேன்: இயலைத் திருத்தி எழுதுங்கள். அடுத்த பதிப்புக்கு நாளாகும் என்றால், “மாறாத்தன்மை” வினாவின் விடைக்குறிப்பை மாற்றி, விடைத்தாள் திருத்துவோருக்கு ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்புங்கள். வரைவு எழுத ஆள் தேவை என்றால் நானும் என் சக ஆசிரியர்களும் ஊதியமின்றி வருகிறோம். பெயரும் பதிவெண்ணும் மறைத்த அந்த விடைத்தாளின் படியை இம்மடலுடன் இணைத்திருக்கிறேன். குழுவில் ஒவ்வொருவரும் அந்த ஒன்றரைப் பக்கத்தையாவது படித்துவிட்டு எனக்கு மறுமொழி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மானிடவியல் ஆசிரியர் ஒருவர்