ஓடைக்கரை மருத மரங்களை வெட்டாமல், வௌவால்களை முறைப்படி பரிசோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
பொள்ளாச்சி வட்டம், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கோயம்புத்தூர்.

பொருள்: மரம் வெட்டும் தீர்மானத்தை நிறுத்திவைத்தல், வௌவால்களிடம் வைரஸ் பரிசோதனை நடத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், வணக்கம்.

எங்கள் ஊர் ஓடைக்கரையில் உள்ள பழைய மருத மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவருகின்றன. வௌவால்களிடமிருந்து மனிதருக்குப் பரவக்கூடிய நிபா என்ற வைரஸ் நோய் பாலக்காட்டுப் பக்கம் வந்ததாகச் செய்தி வந்தால் போதும், புகை போடு, வெடி போடு என்ற பேச்சு இங்கே கிளம்பிவிடுகிறது. இம்முறை கிராம சபையில் மரங்களை வெட்டி ஏலம் விடத் தீர்மானமே நிறைவேற்றிவிட்டார்கள். மரத்துக்குக் கிடைக்கும் விலையும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்?

மக்களின் பயத்தை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. 2018-இல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் தொடங்கிய நிபா 17 உயிர்களைக் கொண்டுபோனது. ஆனால் அங்கே நடந்ததை முழுதாகப் பார்க்க வேண்டும். நோய் தொடங்கிய வீட்டின் கிணற்றிலிருந்த வௌவால்கள்மீதுதான் முதலில் பழி விழுந்தது. அவை பூச்சி தின்னும் வகை. பரிசோதனையில் அவற்றிடம் நிபா இல்லை. பிறகு அதே பகுதியில் பிடிக்கப்பட்ட 52 பழந்தின்னி வௌவால்களில் 10-இல் அந்த வைரஸின் மரபணுத் தடயம் கிடைத்தது. ஊர் சந்தேகப்பட்டது ஒன்றை, வைரஸைச் சுமந்தது வேறொன்று.

மலேசியாவில் இதைவிடப் பெரிய விலை கொடுத்தார்கள். 1998-இல் பன்றிப் பண்ணைகளில் பரவிய மூளைக்காய்ச்சலை கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நம்பிக் கொசு மருந்து அடித்தார்கள், நோய் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் காவ் பிங் சுவா, நோயாளியின் மாதிரியிலிருந்து, பின்னர் நிபா என்று பெயர்பெற்ற புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே பகைவன் யார் என்று தெரிந்தது. அந்தப் பரவலில் இறந்தவர்கள் 105 பேர். பின்னர் வௌவால்கள் தங்கும் மரங்களின் அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, விழுந்த சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்தே உயிருள்ள வைரஸைப் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு மரத்தை வெட்ட வேண்டியிருக்கவில்லை.

கிராம சபையில் ஒருவர் காட்டிய பத்திரிகைச் செய்தியையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இமாச்சலப் பிரதேசம் ஆகிய இடங்களின் பழந்தின்னி வௌவால்களில் 25-இடம் கொரோனா வைரஸ் இருந்ததாக 2020-இல் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் ஆய்வு வெளிவந்தது உண்மை. தொண்டையிலும் மலக்குடலிலும் எடுத்த மாதிரிகளை வைரஸின் மரபணுவைக் கண்டறியும் ஆர்.டி.பி.சி.ஆர். முறையில் சோதித்து, மரபணு வரிசையை ஒப்பிட்டார்கள். அது கோவிட் வைரஸ் அன்று. மரபணுத் தடயம் கிடைப்பது ஒன்று. ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற நோய் எதிர்ப்புப் புரதம் இருப்பது, என்றோ தொற்று வந்துபோனதைக் காட்டுவது. உயிருள்ள வைரஸைப் பிரித்தெடுப்பது முற்றிலும் வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பித்தான் எங்கள் ஊரில் கோடரியைத் தீட்டுகிறார்கள்.

விரட்டினால் நோயும் போய்விடும் என்பதும் சரியல்ல. உகாண்டாவின் கிடாகா சுரங்கத்தில் 2007-இல் வௌவால்களிடமிருந்து பரவும் மார்பர்க் என்ற கொடிய வைரஸ் நோய் வந்த பின் அங்கிருந்த வௌவால்களை அழித்தார்கள். சில ஆண்டுகளில் புதிய கூட்டம் குடியேறியது. முன்பு சுமார் 5 விழுக்காடாக இருந்த தொற்று, அந்தக் கூட்டத்தில் 13 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 2012-இல் அப்பகுதியில் நோய் மறுபடியும் வந்தது. தவிர, காக்கை, எலியோடு சேர்த்துத் தீங்குயிர்களின் அட்டவணையில் வைக்கப்பட்டிருந்த பழந்தின்னி வௌவால்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு அந்த நிலை இல்லை என்பதைக் கூட்டத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

எனவே, மரம் வெட்டும் தீர்மானத்தைத் தாங்கள் உடனே நிறுத்திவைக்க வேண்டுகிறோம். பொது சுகாதாரத் துறை, கால்நடைத் துறை, வனத்துறை ஆகியவை சேர்ந்து, புனே நிறுவனத்தின் வழிகாட்டுதலில் இங்கே மாதிரி எடுக்க ஆணையிட வேண்டும். ஒருமுறை எடுத்தால் போதாது. வௌவால்கள் எப்போதும் வைரஸை வெளியேற்றுவதில்லை என்பதால் வெவ்வேறு பருவங்களில் எடுக்க வேண்டும். முடிவு எதுவானாலும் கிராம சபையில் தமிழில் படித்துக்காட்ட வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியவையும் உண்டு. வங்கதேசத்தில் பச்சை ஈச்சஞ்சாறு வழியாக நிபா பரவியதால், சாறு வடியும் இடத்தை மூங்கில் தட்டியால் மூடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். இங்கே பதநீர்க் கலயங்களுக்கும் அப்படி மூடி போட உதவலாம். வௌவால் கடித்த பழத்தைத் தொடக் கூடாது என்பதைப் பள்ளிகளில் சொல்லலாம். அந்த வேலைக்கு ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியரான நானே வரத் தயார். ஓடைக்கரைப் பொதுக்கிணற்றுக்கு வலை போட்டுத் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கிராம சபைத் தீர்மான நகல், மரங்களின் புகைப்படங்கள், பொதுமக்கள் கையொப்பங்கள்.