அப்பாவுக்கு, சஃபோக்கிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிருதா" என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அங்கே பழைய கட்டடமெல்லாம் எதை வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று போன வாரம் கேட்டீர்கள், நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். ஆயுசு முழுக்கக் கொத்துக்கரண்டி பிடித்தவர் வேறு என்ன கேட்பீர்கள்!

நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தின் நடையில் சுவர் முழுக்கப் பழைய படங்கள். எல்லாமே இங்கிலாந்தின் கிழக்கே இருக்கிற இந்த சஃபோக் மாவட்டத்துக் கோட்டைகள், மடங்கள், தேவாலயங்கள், அதிலும் முக்கால்வாசி இடிந்தவை. சில போட்டோ, சில செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தவை. ராத்திரி ஷிப்டில் யாரும் மணி அடிக்காத நேரத்தில் எனக்கு இதுதான் பொழுதுபோக்கு. சாமுவேல், நத்தானியேல் பக் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் 1720களில் கிளம்பி, இங்கிலாந்து, வேல்ஸ் எல்லாம் சுற்றி 400க்கும் மேற்பட்ட இடிபாடுகளை வரைந்து விற்றிருக்கிறார்கள். சஃபோக் படங்கள் 1738இல் வந்தவை. படத்துக்குக் கீழே அந்த இடத்துச் சொந்தக்காரர் பேரைப் போட்டு அவருக்கே சமர்ப்பணம் என்று எழுதிவிடுவார்கள், அப்போதுதானே அவரும் காசு கொடுத்து வாங்குவார். கெட்டிக்காரர்கள்.

சரி, கல்லுக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் கட்டடம் கட்ட நல்ல கல்லே கிடையாது. வயலை உழுதால் சிக்கிமுக்கிக் கல்தான் வரும். வெளியே வெள்ளைத் தோல், உடைத்தால் உள்ளே கருப்பாகக் கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஒன்றுகூட ஒரு வடிவத்தில் இருக்காது. அதைச் சுண்ணாம்புக் காரையில் பதித்துப் பதித்து நாலடி ஐந்தடி கனத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டு, மூலைக்கும் முகப்புக்கும் மட்டும் செதுக்கின கல்லை வெளியூரிலிருந்து படகில் கொண்டுவந்திருக்கிறார்கள். பெரி செயிண்ட் எட்மண்ட்ஸில் ஒரு பெரிய மடம் இருந்தது, அதன் கோயில் மட்டும் 500 அடி நீளம். எட்டாம் ஹென்றி ராஜா காலத்தில், 1539இல், மடத்தை மூடினார்கள். அவ்வளவுதான், ஊர் ஜனங்கள் செதுக்கின கல்லையெல்லாம் உரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாருக்கும் வேண்டாத உள்கூடு மட்டும் இன்னும் நிற்கிறது. லீவு நாளில் போய்ப் பார்த்தேன். தூண் இருந்த இடத்தில் பெரிய பெரிய மொத்தைகளாகச் சிக்கிமுக்கிக் கல், இடையில் காரை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், கொஞ்சம்கூட உதிரவில்லை. முகக்கல் போய் 480 வருஷத்துக்கு மேல் மழையும் பனியும் நேராக அதன்மேல் விழுகிறது, எப்படியப்பா நிற்கிறது? நீங்கள்தான் சொல்ல வேண்டும். இங்கே இப்போது பழுது பார்க்கும்போது சிமெண்டைத் தொடுவதில்லை, ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சுண்ணாம்புதான் போடுகிறார்கள். நீங்கள் கத்திக் கத்திச் சொன்னதுதான். இன்னொரு கூத்து, அந்தக் கோயிலின் இடிந்த முன்முகப்பிலேயே, வளைவுகளுக்கு நடுவில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். ஜன்னலில் திரைச்சீலைகூடத் தொங்குகிறது!

ஃபிராம்லிங்கம் கோட்டையின் கதையும் இப்படித்தான். வெளிச்சுவரும் அதிலிருக்கிற 13 கோபுரங்களும் அப்படியே முழுசாக நிற்கின்றன, உள்ளே இருந்த கட்டடங்கள் பெரும்பாலும் போய்விட்டன. 1636இல் செத்துப்போன அதன் சொந்தக்காரர், உள்ளே இருப்பதை இடித்து ஏழைகளுக்கு ஒரு வீடு கட்டுங்கள் என்று உயில் எழுதியிருக்கிறார். ஆர்ஃபோர்ட் கோட்டை தப்பித்ததற்குக் காரணம் வேறு. 1600 வாக்கில் ஜான் நார்டன் என்ற நில அளவைக்காரர் வரைந்த படத்தில் நடுக்கோபுரத்தைச் சுற்றி மதில் இருக்கிறது, 1841இல் கடைசித் துண்டு மதிலும் விழுந்துவிட்டது. கோபுரத்தையும் இடிக்கலாம் என்று 1805இல் சொந்தக்காரர் கிளம்பியபோது அரசாங்கம் விடவில்லை. கப்பல்காரர்கள் மணல் திட்டில் மாட்டாமல் இருக்க அதைத்தான் அடையாளம் பார்த்து வந்தார்களாம்.

ஆக, பல இடங்களில் சுவர் தானாக விழவில்லை, ஆள் வைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தொழில் தெரிந்த உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. எனக்கு அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் புரிந்தது.

டன்விச் மட்டும் வேறு. அங்கே கொண்டுபோனது கடல். ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். 1286லும் 1328லும் வந்த புயல்களில் வீடுகள் போயின, துறைமுகத்தை மணல் மூடியது, அப்புறம் ஒவ்வொரு கோயிலாகக் கடலுக்குள் இறங்கியது. ஊரில் ஆட்கள் ரொம்பக் குறைந்துபோன பிறகும் 1832 வரைக்கும் இரண்டு எம்.பி. அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்றால் பாருங்கள். நம் தனுஷ்கோடி 1964இல் ஒரே ராத்திரியில் போயிற்று, படம் எடுக்க யாருக்கு நேரம்? இதற்கோ அறுநூறு வருஷ அவகாசம் இருந்தது. அதனால் கடைசியாக மிஞ்சிய ஆல் செயிண்ட்ஸ் கோயில் விழுவதைப் படிப்படியாகப் போட்டோ எடுத்துப் போஸ்ட்கார்டாகவே விற்றிருக்கிறார்கள். இல்லத்தில் ஒரு பாட்டி பிஸ்கட் டப்பாவில் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார், தன் அம்மா வாங்கினதாம். 1904இல் கோயில் கடலோர மேட்டின் விளிம்புக்கு வந்தது. ஒரு கார்டில் கோயிலின் நீளச் சுவர் வரிசையாக ஜன்னலோடு நிற்கிறது, அடுத்ததில் பாதி இல்லை, அதற்கடுத்ததில் கோபுரம் மட்டும் மணல் மேட்டின் நுனியில். 1919இல் அதுவும் போயிற்று. பக் சகோதரர்களின் படங்களைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அழகு பார்த்து வரைந்ததில்லை, நடந்ததை அப்படியே எடுத்தது.

கூட வேலை பார்க்கும் மலையாளப் பெண்ணின் காரில் அங்கேயும் போய்வந்தேன். விழுந்துவிடும் முன் பிரித்தெடுத்த ஒரு முட்டுச்சுவரை மட்டும் மேலே புதுக் கோயில் வாசலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். காற்று ஆளைத் தூக்குகிறது. பொரித்த மீன் வாங்கிக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம், உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. ஊறுகாய் அனுப்பச் சொன்னேனே, அம்மாவிடம் ஞாபகப்படுத்துங்கள்.

வேலையில் குறையில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குவதுதான் இன்னும் பழகவில்லை. பாட்டியிடம் கேட்டுக்கொண்டு அந்தக் கார்டுகளைப் போனில் படம் எடுத்திருக்கிறேன், தம்பி நம்பருக்கு அனுப்புகிறேன், பெரிசாக்கிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது கார்டில் உடைந்த சுவரின் வெட்டுமுகம் நன்றாகத் தெரிகிறது, அதைப் பார்த்துவிட்டுக் காரை எப்படி என்று சொல்லுங்கள். இந்த மாதப் பணம் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும், முட்டி வலிக்கு டாக்டரைப் பார்க்காமல் அதைக் கூரைக்குச் செலவழித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்