சிவப்பு டேப் ஒட்டிய பாட்டிலுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

சனிக்கிழமையோடு பிள்ளைகளின் ஃபுட்பால் சீசன் முடிந்தது. நேற்று ராத்திரி என் மகனின் சர்க்கரை அலாரம் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அடிக்கவில்லையே என்ற பயத்தில் இரண்டு மணிக்கு நானே எழுந்து ஃபோனைப் பார்த்தேன். ரத்தச் சர்க்கரை 118. அம்புக்குறி மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, சும்மா படுத்துக் கிடந்தது. அவன் அறைக்குப் போய்க் கட்டிலோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு தூக்கம் வரவில்லை. கீழே வந்து இதை எழுத ஆரம்பித்துவிட்டேன். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் வேலை, பள்ளிக்கூடம், குளிர்காலச் சளி என்று எதிலாவது இது கரைந்து போகும்.

அக்டோபரில் அந்த வியாழக்கிழமை அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு எங்களோடு ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், மீதிப் பேர் எங்கள் வீட்டில் இருந்தீர்கள். நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்த ஒன்றும், பின்னால் நடந்த ஒன்றும்.

முன்னால் நடந்தது டிராஃப்ட். பெரிய லீகுக்குத்தான் டிராஃப்ட் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். நம் கவுண்டியில் பிள்ளைகள் ஆடும் அமெரிக்க ஃபுட்பாலுக்கும் உண்டாம். இரண்டு சாயங்காலம் பிள்ளைகளின் முதுகில் நம்பர் ஒட்டி ஓடவிடுகிறார்கள், பந்து எறிந்து பிடிக்கச் சொல்கிறார்கள், கோச்சுகள் அட்டையில் குறித்துக்கொள்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் எல்லாக் கோச்சுகளும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, முறை வைத்து ஆளுக்கொரு பிள்ளையாக எடுக்கிறார்கள். கையில் பதிவுப் படிவமும் இருக்கும். அதில் 'உடல்நலக் குறைபாடு ஏதேனும்' என்று ஒரு வரி உண்டு.

போன வருஷம் வேறொரு லீகில் அந்த வரியை நிரப்பினோம். மூன்றாம் நாள் போன் வந்தது. "இதைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் ஆள் இல்லை" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், கட்டிய பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. பின்பக்கம் போய் இருட்டும்வரை பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான்.

அதனால் இந்த வருஷம் அந்த வரியைக் காலியாக விட்டுவிடலாமா என்று யோசித்தது நான்தான். ஒத்துக்கொள்கிறேன். நான் வளர்ந்த பாளையங்கோட்டைத் தெருவில், வீட்டில் ஒருவருக்கு வியாதி என்றால் அது நாலு சுவரைத் தாண்டாது. தெரிந்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள், வேலை கொடுக்க யோசிப்பார்கள். இவனுக்கு வந்தபோது சொந்தக்காரர்கள் முதலில் கேட்டதே "இனிப்பு ரொம்பக் கொடுத்தியோ?" என்றுதான். டைப் ஒன் சர்க்கரை வியாதி இனிப்பால் வருவதல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தி கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தானே அழித்துவிடுகிறது என்று எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சொல்லிச் சொல்லி அலுத்து, சொல்லாமலே இருந்துவிடலாம் என்ற இடத்துக்கு வந்திருந்தேன்.

பேனாவை என் கையிலிருந்து வாங்கியவன் அவன்தான். "எழுதும்மா. மறைச்சு எடுத்தா அது என்னை எடுத்த மாதிரி இல்ல."

பதின்மூன்று வயது. அவனே எழுதினான்.

நான்காவது சுற்றில் எடுத்தார்கள். எல்லோரும் எடுத்து முடித்து மிச்சம் விழுந்தவனாக இல்லை, அவனுக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கும்போது. முதல் நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போனபோது, கையில் மருத்துவரின் கடிதம், அவன் வியாதிக்காக என்னென்ன வசதி செய்ய வேண்டும் என்று ஸ்கூலில் எழுதிக் கொடுத்த 504 திட்டத்தின் நகல் எல்லாம் ஒரு கோப்பாக வைத்துக்கொண்டு கோச்சிடம் போனேன். "ஃபார்மில் பார்த்தீர்களா?" என்றுதான் என்னால் கேட்க முடிந்தது. "பார்த்தேன். அவன் பந்து பிடிக்கிறதையும் பார்த்தேன். இரண்டையும் பார்த்துத்தான் எடுத்தேன்" என்றார். அவ்வளவுதான். கோப்பை வாங்கிக்கொண்டார், அன்று ராத்திரியே முழுக்கப் படித்துவிட்டு ஆறு கேள்வி அனுப்பினார். ஆறும் சரியான கேள்விகள். கோச், அந்த நான்காவது சுற்றுக்கு நன்றி. ஆஸ்பத்திரிக்கு ஆட்டத் திட்டப் புத்தகத்தோடு வந்து, "அடுத்த வாரத்துக்கு இதைப் படிச்சு வை" என்று அவன் மடியில் வைத்தீர்களே, அதற்கு இன்னும் பெரிய நன்றி. அந்தக் கட்டிலில் படுத்திருந்த பிள்ளைக்கு அடுத்த வாரம் என்று ஒன்று இருக்கிறதென்று அதற்கு முன் யாரும் சொல்லியிருக்கவில்லை, நான் உட்பட.

இனி, பின்னால் நடந்தது.

அவன் திரும்ப ஆடப்போன முதல் சனிக்கிழமை. ஆட்டம் முடிந்து வந்து ஜெர்சியைக் கழற்றிப் போட்டான். தோய்க்க எடுத்தேன். கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் ஒரே பிசுபிசுப்பு. மண்ணும் புல்லும் அந்த இடத்தில் மட்டும் அப்பியிருந்தது. வாந்தி எடுத்திருக்கிறான், என்னிடம் மறைக்கிறான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. முகர்ந்து பார்த்தேன். ஆப்பிள் ஜூஸ்.

கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் சொல்லமாட்டேன் என்றான். அப்புறம் சொன்னான்.

கோச்சின் மகள்தான் டீமுக்குத் தண்ணீர் கொடுப்பவள், உங்களுக்குத் தெரியும். பதினாறு வயது. டைம்-அவுட் விட்டதும் ஆறு பாட்டில் அடுக்கிய கம்பிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுவாளே, அந்தப் பெண். அந்த ஆறில் ஒன்றின் அடியில் சிவப்பு டேப் ஒரு சுற்று. பச்சைப் பாட்டில், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. மற்ற ஐந்திலும் தண்ணீர். சிவப்பு டேப்பில் ஆப்பிள் ஜூஸ், சரியாக 120 மில்லி, 15 கிராம் சர்க்கரை. எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், முழுக்கக் குடித்தால் போதும் என்ற அளவு. ஹெல்மெட்டைக் கழற்றாமல் முன்கம்பிகளுக்கு இடையில் பீய்ச்சிக் குடிப்பதால்தான் பாதி கழுத்தில் வழிந்திருக்கிறது.

அவன் உடம்பில் ஒட்டிய சென்சாரிலிருந்து சர்க்கரை ரீடிங் வரும் ஃபோனைக் கோச் அவளிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். இடுப்புப் பையில் அது இருக்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எண் மாறும். எண் இறங்கத் தொடங்கி அம்புக்குறி கீழே பார்த்தால், அடுத்து ஆட்டம் நிற்கும்போது அவள் கூடையோடு உள்ளே ஓடுவாள். எல்லோருக்கும் நீட்டுவாள். அவனுக்கு மட்டும் கூடையை ஒரு திருப்புத் திருப்பி, சிவப்பு டேப் அவன் பக்கம் வருகிற மாதிரி.

"யாருக்கும் தெரியாதும்மா," என்றான். "எல்லாரும் தண்ணி குடிக்கிறாங்க. நானும் குடிக்கிறேன்."

வாஷிங் மெஷின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் அவன் எதற்குப் பயந்தான் என்று எனக்குத் தெரியும். லோ ஆவதற்கு, அதாவது சர்க்கரை இறங்கிப்போவதற்கு, அவன் பயந்ததில்லை. லோ ஆனால் கை தூக்கி, வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு டீமும் பெற்றவர்களும் பார்க்க ஜூஸ் டப்பாவில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டும். அதற்குத்தான் பயந்தான். ஆகஸ்டில் பயிற்சி நேரத்தில் குளுக்கோஸ் மாத்திரையை கேலரிக்குப் பின்னால் போய் ஒளிந்து நின்று மென்றிருக்கிறான். அவள் அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை, அவனிடம்கூட. அவள் பள்ளியின் நர்ஸிடம் போய் எவ்வளவு ஜூஸ் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். அக்டோபருக்குப் பிறகு பாட்டில் தயாராக வந்துவிட்டது. ஒருநாள் லைன்மேன் பையன் ஒருவன் தெரியாமல் அதை எடுத்துக் குடித்துவிட்டான். அடுத்த வாரத்திலிருந்து கூடையில் சிவப்பு டேப் பாட்டில் இரண்டு.

மேரிலாந்தில் ஹைஸ்கூல் முடிக்க 75 மணிநேரம் சேவை செய்திருக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், நம் பிள்ளைகளுக்காகவும் அந்தத் தாள்களில் கையெழுத்து வாங்க அலைகிறோம். இவள் தண்ணீர் தூக்க வந்ததும் அந்தக் கணக்குக்குத்தான். ஆனால் அவளுடைய 75 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டதாம். போன வாரம்தான் அவள் அப்பா சொன்னார். அக்டோபர் குளிரிலும் நவம்பர் மழையிலும் அவள் தூக்கியது எந்தத் தாளிலும் இல்லாத மணிநேரம்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. இதை என் மகன்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். கண்ணு, உன் கூடையை நீ திருப்பினாயே, அந்தத் திருப்பலை நான் கேலரியில் உட்கார்ந்து மூன்று ஆட்டம் பார்த்தேன். தெரிந்த பிறகும் எனக்கே சில சமயம் பிடிபடவில்லை. அவ்வளவு இயல்பாகச் செய்தாய். என் பிள்ளைக்கு வியாதி இருப்பதை ஒளிக்க நான் படித்திருந்தேன். நீ அதை ஒளிக்கவில்லை. அவன் தலை குனியாமல் பார்த்துக்கொண்டாய். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று இந்த வயதில் உன்னிடம் கற்றுக்கொண்டேன்.

மற்ற எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்னவளை நான்கு நாள் உங்கள் பிள்ளையாக வைத்துக்கொண்ட எதிர்வீட்டு அண்ணிக்கு. இட்லியை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்து, டப்பா மூடியில் ஒன்றுக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து என்று எழுதி ஒட்டி அனுப்பிய தமிழ்ப்பள்ளி டீச்சருக்கு. அந்தத் துண்டுச் சீட்டு இன்னும் எங்கள் ஃபிரிட்ஜில் இருக்கிறது. மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவுக்கு. என் ஆபீஸ் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டவர்களுக்கு. திருநெல்வேலியிலிருந்து தினமும் கூப்பிட்டு, கேள்வி ஒன்றும் கேட்காமல், "நீ சாப்டியா?" என்று மட்டும் கேட்ட என் அத்தைக்கு.

நீங்கள் யாரும் நேரில் சந்திக்காத ஒருவருக்கும் இதில் பங்கு உண்டு. என் மகனின் ஜெர்சியில் ஏன் 86 என்று பலர் கேட்டீர்கள். மார்க் ஆண்ட்ரூஸ், பெரிய லீகில் நம் ஊர் பால்டிமோர் ரேவன்ஸ் டீமுக்கு ஆடுகிற டைட் எண்ட், அதாவது பந்து பிடிக்கவும் எதிராளியைத் தடுக்கவும் செய்கிற ஆட்டக்காரர். ஒன்பது வயதிலிருந்து டைப் ஒன். 2018 டிராஃப்டில் மூன்றாம் சுற்றில், 85 பேர் அழைக்கப்பட்ட பிறகு, 86-வதாக அவரை ரேவன்ஸ் எடுத்தது. அங்கே எந்த ஆட்டக்காரரின் உடம்பிலும் எதுவும் ரகசியம் கிடையாது, டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானாபோலிஸில் கூட்டி உட்காரவைத்து எல்லா டீம் மருத்துவர்களும் பரிசோதிக்கிறார்கள். தெரிந்துதான் எடுத்தார்கள். 2021-இல் 107 பந்து பிடித்து, 1,361 கெஜம் முன்னேறி, அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவின் முதல் அணியில் இடம் பிடித்தார். அவருடைய ஜெர்சி எண் 89. அந்த எண்ணும் கிடைத்தது, ஆனால் இவன் வேண்டாம் என்றான். "89 எல்லாரும் போடுவாங்க. 86-லதான் அவரைக் கூப்பிட்டாங்க."

அவர் பிடித்த பந்துகளைவிட எனக்கு மனதில் நிற்பது வேறொன்று. 2024 தொடக்கத்தில் பால்டிமோரிலிருந்து ஃபீனிக்ஸ் போகிற விமானத்தில் ஒரு பெண்ணுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. அதே விமானத்தில் இருந்த மருத்துவரும் நர்ஸும் பார்த்துக்கொண்டிருக்க, ஆண்ட்ரூஸ் எழுந்து வந்து, சர்க்கரை இறங்கியிருக்குமோ, என்னிடம் சோதிக்கிற கிட் இருக்கிறது என்று தன்னுடையதை எடுத்து நீட்டி, எப்படிப் பயன்படுத்துவது என்றும் சொல்லிக் கொடுத்தார். தனக்காகத் தூக்கிக்கொண்டு திரிவது இன்னொருவருக்கும் ஆகும் என்று அவருக்குச் சட்டென்று தோன்றியிருக்கிறது.

1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட லெனார்ட் தாம்ப்ஸனுக்கு வயது 14. இவன் வயதுதான் கிட்டத்தட்ட. அதற்கு ஒரு வருஷம் முன்னால்கூட இந்த வியாதி வந்த பிள்ளைக்கு விதித்தது பட்டினிதான், பெற்றவள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் அந்த நான்கு நாளும் அந்தப் பையனுடைய அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே இதை இங்கே எழுதி வைக்கிறேன், நீங்கள் எல்லோரும் சாட்சி. அடுத்த சீசனில் உள்ளூரில் நடக்கிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் வருவேன், என் பிள்ளை ஆடினாலும் ஆடாவிட்டாலும். வலது ஓரத்துக் கேலரி, கீழிருந்து இரண்டாம் படி. என் நீலப் பையில் ஜூஸ், மீட்டர், சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டால் மூக்கில் அடிக்கிற குளுக்ககான் மருந்து எல்லாம் இருக்கும். எந்த டீம் பிள்ளையாக இருந்தாலும் சரி. பதிவு நாளில் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளக் கோச்சிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றுபோகிற அம்மா யாராவது இருந்தால், என்னிடம் அனுப்புங்கள்.

சனிக்கிழமை கடைசி ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு பாட்டிலை மட்டும் தனியே எடுத்து என் மகனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நன்றாகத்தான் கழுவியிருக்கிறாள். ஆனாலும் மூடியைத் திறந்தால் இன்னும் ஆப்பிள் வாசம் வருகிறது. இப்போது எதிரில் மேஜைமேல்தான் இருக்கின்றன. ஒன்றில் டேப்பின் நுனி பிரிந்திருந்தது, அழுத்தி ஒட்டி வைத்திருக்கிறேன்.

நிறைந்த நன்றியுடன்,
86-ஆம் எண்ணின் அம்மா