டைனமோ: புதுசா, ரீகண்டிஷனா?

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று நீ ஒர்க்‌ஷாப்பிலிருந்து பேசியபோது பின்னால் ஒரே சத்தம், பாதிதான் காதில் விழுந்தது. காரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோ போய்விட்டது என்கிறார்கள், புதுசு போடுவதா, ரீகண்டிஷன், அதாவது பழசைப் பிரித்துச் சரிசெய்தது, போடுவதா என்று கேட்டாய். கடைக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்று எதற்கும் சரி சொல்லிவிடாதே.

முதலில் டைனமோதான் போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.5ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. அப்போதும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கழற்ற வேண்டும்.

ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அத்தனை காலம் பில் போட்டவள் என்பதால் சொல்கிறேன், புதுசு என்பதிலேயே பல தரம் உண்டு. கார் கம்பெனி பெட்டியில் வருவது ஒன்று. சென்னை பாடியில் இருக்கிற லூகாஸ் டிவிஎஸ் போல, கார் கம்பெனிகளுக்கே செய்து கொடுப்பவர்கள் தங்கள் பெயரில் விற்பது இன்னொன்று. இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பாதி விலைக்குப் பெயர் தெரியாத டப்பாவில் ஒன்று வரும், அது வேண்டாம். அதற்கு ஒழுங்காகச் செய்த ரீகண்டிஷனே மேல்.

ஒழுங்காக என்றால், டைனமோவை முழுசாகப் பிரித்துக் கழுவி, பேரிங், கார்பன் பிரஷ், வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் மூன்றையும் மாற்றி, டயோடு, ஸ்லிப் ரிங், வைண்டிங் எல்லாவற்றையும் சோதித்து, டெஸ்ட் பெஞ்சில் லோடு போட்டு ஓட்டிப் பார்த்துத் தர வேண்டும். வெளிக்கூடும் செம்புக் கம்பியும் சீக்கிரம் கெடுகிற சாமான் இல்லை. தேய்வதெல்லாம் கார்பனும் பேரிங்கும்தான். அதனால்தான் டைனமோ, செல்ஃப் மோட்டார் இரண்டுக்கும் நான் ரீகண்டிஷனுக்குச் சம்மதிப்பேன். கார்பனை மட்டும் மாற்றி, மேலே சில்வர் பெயின்ட் அடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எதையெல்லாம் மாற்றினீர்கள் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேள், வாரண்டியையும் அதிலேயே எழுதச் சொல். எழுதத் தயங்கினால் அந்த இடமே வேண்டாம்.

உன் வண்டியின் டைனமோவையே செய்து தரச் சொல்வது இன்னும் நல்லது. வேறு ஒன்றை மாற்றிக் கொடுத்தால் ஆம்பியர் ஒன்றுதானா என்று பார். பழசை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள், அதையும் விடாமல் கேட்டு வாங்கு.

அப்புறம், பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது என்றும் சொன்னாய். அதில் ரீகண்டிஷன் என்ற பேச்சே கிடையாது. பேட், ஹோஸ், சிலிண்டர் ரப்பர், டைமிங் பெல்ட் எதுவானாலும் புதுசு, நல்ல கம்பெனி, பில்லோடு. டைனமோ வழியில் நின்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வாய்? நீ ராத்திரியில் தொப்பூர் மலைப்பாதையில் இறங்குகிறாய் என்பதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது. பணம் பற்றாவிட்டால் சொல், நான் அனுப்புகிறேன். இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதே.

ஏசியை அவர்கள் இப்போது தொட வேண்டாம், வெயில் காலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

நாளை டைனமோவைக் கழற்றியதும் அதன் ஸ்டிக்கரில் இருக்கிற நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பு. பழைய கடையில் விலை கேட்டுச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா