நீச்சல் வகுப்பும் குளோரினும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி தொடங்கும் என்று சுற்றறிக்கை அனுப்பியிருந்தோம். வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். "குளத்துல குளோரின் போடுவாங்களே, பிள்ளைக்கு ஒண்ணும் செஞ்சிராதா?" முடி கொட்டுமா, கண் கெட்டுப்போகுமா, இழுப்பு வருமா, தோல் கருக்குமா என்று ஆளுக்கொன்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு அப்பா, "ஆறு ஓடுத ஊர்ல பிள்ளைய எதுக்கு டீச்சர் மருந்துத் தண்ணியில கொண்டு தள்ளுதீங்க?" என்றே கேட்டுவிட்டார். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆற்றுக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நம்மில் பலரும் நீந்தக் கற்றது பம்புசெட்டுக் கிணற்றிலோ வாய்க்காலிலோதான். முதுகில் சுரைக்குடுக்கையையோ காலி எண்ணெய் கேனையோ கட்டி, மாமாவோ சித்தப்பாவோ மேலேயிருந்து தள்ளிவிட்ட கதை பல வீடுகளில் உண்டு. இன்று அந்தக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் இல்லை. தண்ணீர் கிடக்கிற கிணற்றில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தாமிரபரணியிலோ, மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. முழங்கால் அளவில் நிற்கிற பிள்ளை அடுத்த அடி எடுத்து வைத்தால் ஆளையே முழுங்கும் ஆழம். கோடை விடுமுறை வந்தாலே அந்தச் செய்திகளைப் படிக்கப் பயமாக இருக்கிறது. ஆற்றில் தப்பிக்கத் தெரிய வேண்டும் என்றுதான், ஆழம் தெரிந்த, ஆள் நிற்கிற குளத்தில் கற்றுக்கொடுக்கிறோம்.

இனி குளோரின். நான் வேதியியல் ஆசிரியையாக இருந்து இந்த நாற்காலிக்கு வந்தவள். கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளோரின் நமக்குப் புதிதல்ல. 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் தெருவில் வெள்ளை வெள்ளையாகத் தூவிக் கிடந்த பிளீச்சிங் பவுடர் உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் நம் நாட்டுக் குடிநீர்த் தரம். நீச்சல் குளத்தில் அது 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்கும். ஏன் இவ்வளவு கூடுதல் என்றால், குடிநீர்த் தொட்டிக்குள் யாரும் இறங்கி ஆட்டம் போடுவதில்லை. இங்கே ஒரே தண்ணீரில் நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் இறங்குகிறார்கள். ஒரு பிள்ளை கொண்டுவந்த கிருமி அடுத்த பிள்ளையின் வாய்க்குப் போகாமல் சில நிமிடங்களில் அழிப்பது அந்தக் குளோரின்தான். எனவே குளோரினே போடாத குளம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள். 'உப்புத் தண்ணீர்க் குளம்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதிலும் குளோரின் உண்டு. உப்பிலிருந்து மின்சாரத்தால் அங்கேயே தயாரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் கண் எரிவதும் இருமல் வருவதும் எதனால்? இந்த இடத்தில்தான் நாம் எல்லோரும் தப்புக் கணக்குப் போடுகிறோம். நீச்சல் குளத்துப் பக்கம் போனதும் மூக்கில் ஏறுகிற அந்த நெடியை 'குளோரின் வாடை' என்கிறோம். நெடி பலமாக அடித்தால், நிறைய மருந்து போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று திருப்திப்படுகிறவர்களும் உண்டு. உண்மை நேர்மாறு. சரியான அளவில் குளோரின் இருக்கிற சுத்தமான குளத்தில் நெடி அவ்வளவாகத் தெரியாது. வியர்வை, சிறுநீர், உடம்பு அழுக்கு இவற்றில் இருக்கிற நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் சேரும்போது குளோரமின் என்ற கூட்டுப்பொருள்கள் உண்டாகின்றன. அந்த நெடி அவற்றுடையது. பந்தி முடிந்த இலைக்குத்தான் வாடை, பந்திக்கு முந்திய இலைக்கு ஏது? கண்ணைச் சிவக்க வைப்பதும், தொண்டையைக் கரகரக்க வைப்பதும், இழுப்பு உள்ள பிள்ளையைத் தொந்தரவு செய்வதும் பெரும்பாலும் இந்தக் குளோரமின்தான். அது காற்றைவிடக் கனமானது. தண்ணீருக்குச் சற்று மேலேயே படிந்து நிற்கும். நீந்துகிற பிள்ளையின் மூக்கு இருப்பதும் அதே உயரத்தில்தான்.

அதனால் நாங்கள் கூரை இல்லாத, காற்றோட்டமான குளமாகப் பார்த்துத்தான் ஏற்பாடு செய்திருக்கிறோம். நகரத்து விடுதிகளில் கண்ணாடி அடைத்த அறைக்குள் இருக்கும் குளம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஜன்னல் திறக்காமல், காற்று வெளியேறாமல் இருந்தால் குளோரமின் போக இடமில்லாமல் அங்கேயே சுற்றும். கைக்குழந்தைகளை அங்கே நெடுநேரம் வைத்திருக்காதீர்கள்.

குளத்தில் தண்ணீரை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்க்க நானும் உடற்கல்வி ஆசிரியரும் போயிருந்தோம். அங்குள்ள பராமரிப்பாளர் இரண்டு சிறு குழாய்களை முழங்கை ஆழத்துக்கு விட்டுத் தண்ணீர் மொண்டார். ஒன்றில் ஆர்த்தோடோலிடின் சொட்டுகளை விட்டதும் எலுமிச்சைத் தோல் நிறத்தில் மஞ்சளானது. குழாயின் ஓரத்தில் ஒட்டியிருந்த வண்ணக் கட்டங்களோடு ஒப்பிட்டுக் குளோரின் அளவைச் சொன்னார். குடிநீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதே சொட்டு மருந்து பயன்படுவதுண்டு. இன்னொரு குழாயில் பிஎச் சோதனை, அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைப் பார்ப்பது. அது 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். 8-ஐத் தாண்டினால் போட்ட குளோரினில் கால் பங்குகூட உருப்படியாக வேலை செய்யாது, இன்னும் கொஞ்சம் கொட்டு என்று கொட்டத் தோன்றும். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். மஞ்சள் சோதனை மொத்தக் குளோரினைத்தான் காட்டும், வேலைக்கு ஆகிற குளோரின் எவ்வளவு, குளோரமினாகிப் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாதே என்றேன். அதற்கு டிபிடி மாத்திரை போட்டு இளஞ்சிவப்பு நிறம் பார்க்கும் சோதனை இருக்கிறது. நம் பிள்ளைகள் வரும் நாள்களில் காலையில் அதைச் செய்து பலகையில் எழுதிவைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் போய்ப் பார்க்கலாம்.

குளோரின் தொல்லையைக் குறைக்க வேண்டுமானால் குளோரினைக் குறைப்பதில் பயனில்லை. பிள்ளையின் உடம்போடு குளத்துக்குள் போவதைத்தான் குறைக்க வேண்டும். அதில் பள்ளியின் பங்கு பாதி, உங்கள் பங்கு பாதி.

முதலாவது, இறங்குமுன் குளியல். ஷவருக்குக் கீழே ஒரு நிமிடம் தேய்த்துக் குளித்தாலே வியர்வையும் அழுக்கும் பெரும்பகுதி போய்விடும். 'குளத்துல தானே குளிக்கப் போறோம், அதுக்கு முன்னால எதுக்குக் குளிக்கணும்' என்று பிள்ளைகள் கேட்பார்கள், போன வருஷமும் கேட்டார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. நல்ல தண்ணீரில் நனைந்து ஊறிய முடி குளத்துத் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. காய்ந்த முடியோடு இறங்கினால் முதல் முங்கிலேயே குளோரினைக் குடித்துவிடும். பெண் பிள்ளைகளுக்குச் சடையைக் கொண்டையாகச் சுருட்டித் தொப்பிக்குள் அடக்கி அனுப்புங்கள். தொப்பி கட்டாயம், ஆண் பிள்ளைகளுக்கும்தான்.

இரண்டாவது, சிறுநீர். வெட்கப்பட ஒன்றுமில்லை, எழுதித்தான் ஆக வேண்டும். குளோரமினுக்கு முக்கியமான தீனி அதுதான். இறங்குமுன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை கரையேற்றிக் கழிவறைக்கு அனுப்புவோம். வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வாத்தியார் சொன்னால் சிரிக்கிறார்கள்.

மூன்றாவது, எண்ணெய். இதில்தான் ஆச்சிமாரோடு எனக்குச் சண்டை வரப்போகிறது. முடி கெடாமல் இருக்கத் தலை நிறைய தேங்காய் எண்ணெய் வைத்து அனுப்புவது வழக்கம். ஒரு தலைக்கு அது நல்லதாகவே இருக்கலாம். ஒரு வகுப்பே எண்ணெய்த் தலையோடு இறங்கினால் தண்ணீரின் மேல் படலம் கட்டும், வடிகட்டி அடைக்கும், கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் எண்ணெயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். குற்றாலத்தில் அருவித் தண்ணீருக்கே எண்ணெயும் ஷாம்பும் கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள். ஓடாத தண்ணீருக்குக் கேட்க வேண்டுமா? எனவே வகுப்பு நாளில் காலையிலும், முந்தின இரவிலும் எண்ணெய் வேண்டாம். நீந்தி முடித்துக் குளித்த பிறகு தாராளமாகத் தேயுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பவுடர், சென்ட் விஷயமும் அப்படித்தான்.

உடை பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீட்டிலிருந்து போட்டுவந்த பருத்திப் பனியனோடு இறங்க விடமாட்டார்கள். துணியில் தங்கிய சோப்பும் வியர்வையும் நூலும் தண்ணீரில் கலக்கும். பாலியெஸ்டர் கலந்த நீச்சல் உடை வாங்குங்கள், குளோரினுக்குச் சீக்கிரம் நைந்துபோகாது. முழங்கை, முழங்கால் மறைக்கும் மாதிரியும் கிடைக்கிறது, அதையே எடுங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை.

கரையேறியதும் செய்ய வேண்டியது சுலபம். உடனே நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். ஈர உடையோடு அப்படியே வேனில் ஏறி வீடுவரை வந்தால் அதுவரை குளோரின் தோலில்தான் இருக்கும். நீச்சல் உடையையும் அன்றே அலசிப் போடுங்கள். நீச்சல் கண்ணாடி போட்டு நீந்தினால் கண் சிவப்பது மிகவும் குறையும். அப்படியும் சிவந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவினால் போதும். விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று எதையும் கண்ணில் விடாதீர்கள். மறுநாளும் சிவப்பு போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். குளோரினைப் போக்கும் வைட்டமின் சி ஸ்பிரே விற்பதாக ஒரு அம்மா படம் அனுப்பிக் கேட்டிருந்தார். வேதியியல்படி அது உண்மைதான், வைட்டமின் சி குளோரினைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் பக்கெட் தண்ணீரும் சோப்பும் செய்கிற வேலைக்கு அவ்வளவு காசு கொடுக்க வேண்டுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தோல் கருப்பது பற்றி. அது வெயிலின் வேலை, குளோரினுடையது அல்ல. காலை 7 மணி வகுப்பு என்பதால் வெயிலும் அதிகம் இராது. கொஞ்சம் கருத்தாலும் பள்ளி திறப்பதற்குள் சரியாகிவிடும், ஆகாவிட்டாலும் நஷ்டமில்லை. பெண் பிள்ளைகளை மட்டும் இந்தக் காரணத்தைச் சொல்லி நிறுத்திவைப்பதாகத் தெரிகிறது. தயவுசெய்து வேண்டாம். ஆறு ஆண், பெண் பார்ப்பதில்லை.

இழுப்பு, கரப்பான் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எனக்கு எழுதித் தாருங்கள். இன்ஹேலர் பயன்படுத்தும் பிள்ளையின் பையில் அது கட்டாயம் இருக்க வேண்டும், எந்த உறையில் இருக்கிறது என்று உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டிவிடுங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று மட்டுமல்ல, முழுக்கக் குணமாகும்வரை அனுப்பாதீர்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்றொரு கிருமி சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். பிள்ளைகள் பெரியவர்களைவிட இரண்டு மடங்கு குளத்துத் தண்ணீரை விழுங்குகிறார்கள் என்பதால் இதில் சலுகை கிடையாது. வாயில் தண்ணீரை நிரப்பிப் பீய்ச்சி விளையாடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஜூனில் சாரல் தொடங்கியதும் குடும்பத்தோடு குற்றாலம் போவீர்கள். அருவியில் தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை என்றால், தங்குகிற பண்ணை வீட்டுக் குளத்தில்தான் பிள்ளைகள் விழுவார்கள். அங்கே சோதனைப் பலகை எதுவும் இருக்காது. ஆழமான பக்கத்தில் நின்று அடித்தரையைப் பாருங்கள். வடிகால் மூடி தெளிவாகத் தெரியாவிட்டால் இறங்க விடாதீர்கள். நெடி மூக்கைத் துளைத்தாலும் அப்படியே. எப்போது மருந்து போட்டீர்கள் என்று காவலாளியிடம் கேளுங்கள், இப்போதுதான் போட்டேன் என்றால் சில மணி நேரம் பொறுங்கள். கூட்டம் இறங்கும் முன் காலையில் குளித்துவிடுவது நல்லது.

இத்துடன் ஒப்புதல் சீட்டு இணைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கான கட்டத்தில் மறக்காமல் குறியிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை

பி.கு.: வீட்டுத் தொட்டி கழுவும் பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். அப்போது வெளிவருவது குளோரின் வாயுவேதான். இரண்டையும் அடுத்தடுத்து ஒரே அலமாரியில் வைக்கவும் வேண்டாம்.